இரண்டு குரல்

நேபாளத்திலிருந்து திரும்பிய புதிதில் பார்வதத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட கால் ஸ்டூலின் மேல் நீட்டியிருக்கும். அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள். காபி குடித்து முடித்ததும் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்.

"உங்க அண்ணி கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லீங்க. ஒரு நொடிதான். அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

வந்தவர்களுக்கு அது போதும். அந்த மட்டும் கஷ்டப்படாமல் போனாளே என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். டிவிக்காரர்கள் வந்து மைக்கை நீட்டியபோதும் பார்வதம் அதையேதான் சொன்னாள். திருமுல்லைவாயிலில் அவள் மகள் ரேவதியோடு இருக்கிற அந்தத் தரைத்தளத்து வீட்டில், பல முறை சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடமாகிப் போயிருந்தது.

அந்த யாத்திரைக்கு ஏற்பாடு செய்தது அண்ணன் சண்முகசுந்தரம்தான். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேக்காட்டில் சொந்த வீடு. முக்திநாத் போய்வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அம்பத்தூரில் ஒருவர் ஆட்களைச் சேர்த்து, சமையலுக்கு முனியன் என்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டதும், மனைவி கோமளாவுக்கும் தங்கை பார்வதத்துக்கும் சேர்த்தே இடம் பிடித்துவிட்டார். போகிறோம் என்று அவர்களிடம் சொன்னது அதற்குப் பிறகுதான்.

பார்வதமும் கோமளாவும் ஒரே சமையலறையில் சில வருடங்கள் புழங்கியவர்கள். புருஷன் செத்து, கைக்குழந்தையோடு வந்த பார்வதத்தை அண்ணன் தன் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொண்டார். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உட்கார வைத்துப் பேசியதும் இல்லை. "அரிசி களைஞ்சாச்சா?" "பால்காரன் வந்துட்டான்." பேச்சு அந்த அளவோடு நின்றுவிடும். சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. அண்ணி இயல்பிலேயே பேசாதவள் என்று பார்வதம் எடுத்துக்கொண்டாள்.

முக்திநாத் தரிசனம் நன்றாகவே நடந்தது. காட்மாண்டுவுக்குத் திரும்பியபோது கோமளாவின் முழங்கால் வீங்கியிருந்தது. மறுநாள் சனிக்கிழமை. எல்லாரும் பசுபதிநாதர் கோயிலுக்குக் கிளம்ப, சண்முகசுந்தரம் சொன்னார்:

"பார்வதம், நீ அண்ணி கூட இரு. நாங்க போய்ட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துடறோம்."

விடுதி நாலு மாடி. அவர்கள் அறை இரண்டாவது மாடியில். கோமளா ஜன்னல் கம்பியில் ஈரப் புடவையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்வதம் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முதலில் சத்தம்தான் வந்தது. திருமுல்லைவாயிலில் சரக்கு ரயில் போகும்போது வீட்டில் பாத்திர அலமாரி நடுங்கும். அந்தப் பழக்கத்தில், ரயில் போகிறது என்றுதான் பார்வதம் நினைத்தாள். இந்த ஊரில் ஏது ரயில் என்று உறைப்பதற்குள் குளியலறை வாளியிலிருந்து தண்ணீர் தானாக எழும்பி வெளியே கொட்டியது. கட்டில் அவளைச் சுமந்துகொண்டு சுவரோரம் போயிற்று, திரும்பி வந்தது.

"அண்ணி, வாங்க, வெளியே போயிடலாம்" என்று கத்தினாள்.

கோமளா ஒரு கையில் புடவையோடு திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இன்னும் வந்திருக்கவில்லை. அதற்குள் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று.

கண் விழித்தபோது பார்வதத்துக்குக் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. வாயெல்லாம் சுண்ணாம்பு. கட்டிலின் இரும்புச் சட்டம் வளைந்து அவள் மேல் ஒரு கூடுபோல நின்றிருந்தது. அதன் மேல் என்ன கிடந்ததோ, தொட்டுப் பார்த்தால் கரகரவென்று சிமெண்ட். ஒரு கால் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே நாய்கள் ஓயாமல் குரைக்கிற சத்தம் மிகத் தூரத்தில் கேட்டது. கேஸ் நாற்றம் லேசாக வந்தது.

"பாரு… இருக்கியா?"

பக்கத்தில்தான் கேட்டது. ஆனால் கையை நீட்டினால் கல்தான் தட்டுப்பட்டது. அண்ணி அவளைப் பாரு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன் அண்ணி. உங்களுக்கு அடிபட்டிருக்கா?"

"இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியல. வலிக்கவும் இல்ல. உனக்கு?"

"கால் மாட்டிகிட்டிருக்கு. கத்திப் பார்ப்போம் அண்ணி. யாராவது வருவாங்க."

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். கத்தக் கத்தத் தூசி வாய்க்குள் போயிற்று. அவ்வப்போது பூமி மறுபடியும் சிலிர்த்துக்கொள்ளும். மேலே கிடந்தவை ஒன்றோடொன்று உரசி இறங்கும். அந்தச் சமயத்தில் இருவரும் பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். நின்ற பிறகு, "இருக்கியா?" என்று ஒருத்தி கேட்பாள். "இருக்கேன்" என்று மற்றவள் சொல்வாள்.

அந்த இருட்டில் கோமளா பேச ஆரம்பித்தாள். பார்வதம் அதுவரை கேட்டறியாத பேச்சு அது. போளூரில் அக்கா வீட்டுக் கொல்லையில் மாங்காய் பறித்து மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது. அதில் ஒரு பிள்ளை தினமும் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கும் என்பது. சொல்லிக்கொண்டே வந்தவள் சிரித்தாள்.

"நான் இந்தத் தடவை போளூர் போகணும்னுதான் இருந்தேன் பாரு. அக்காவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் கூட இருந்துட்டு வரலாம்னு. உங்க அண்ணன் டிக்கெட்டை வச்சுகிட்டு வந்து நிக்கறாரு."

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"யாருகிட்ட?"

பார்வதம் மாட்டிக்கொண்ட காலை இழுத்துப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. மேலே ஆள் அரவம் கேட்டது. புரியாத மொழியில் நாலைந்து பேர் ஏதேதோ சொன்னார்கள். கல் நகர்கிற சத்தம். பிறகு, அந்த எல்லாச் சத்தத்துக்கும் மேலே, சண்முகசுந்தரத்தின் குரல் வந்தது.

"கோமளா… கோமளா…"

அழுகை கலந்த குரல். அண்ணன் அப்படிக் கூப்பிட்டு பார்வதம் கேட்டதில்லை.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரு. குரல் கொடுங்க."

கோமளா பேசவில்லை.

"கோமளா… இருக்கியா…"

"அண்ணி, உங்களைத்தான் கூப்பிடறாரு."

"தெரியுது" என்றாள் கோமளா. பிறகு, சின்னதாகச் சிரிப்பதுபோல ஒரு சத்தம். "இங்கேயும் வந்துட்டாரு பாரு. மூக்குக் கண்ணாடியைக் காணோமா, துண்டு எடுத்துத் தரணுமா, தெரியல."

"அண்ணி, என்ன பேசறீங்க. ஒரு சத்தம் குடுங்க."

"நீ குடு. உன்னைத் தூக்கட்டும். நான் பேசல."

"ஏன் அண்ணி?"

"முப்பத்தாறு வருஷமா அவரு கூப்பிட்ட உடனே என்னங்கன்னுகிட்டு ஓடியிருக்கேன். அடுப்புல பால் பொங்கும். அப்பவும் ஓடியிருக்கேன். ஹேமநாதன் பொறந்த மூணாம் நாளும் ஓடியிருக்கேன். இப்ப என்னால ஓட முடியாது பாரு. அதனாலதானோ என்னவோ, பதில் சொல்லவும் தோணல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் பார்வதத்தைப் பயமுறுத்தியது. அவள் தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள். "அண்ணா, இங்க இருக்கோம். ரெண்டு பேரும் இருக்கோம்." மேலே கல் உருட்டுகிற சத்தத்தில் அது எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ. சண்முகசுந்தரம் மறுபடி மறுபடி ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோமளா கேட்டுக்கொண்டு கிடந்தாள். அவள் மூச்சு விடுவது பார்வதத்துக்குக் கேட்டது.

அப்போது பூமி மறுபடியும் குலுங்கியது. இந்த முறை பெரிது. மேலே எல்லாரும் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. என்னவோ ஒன்று முறிந்து, கூடு மாதிரி நின்ற கட்டில் சட்டம் பார்வதத்தின் தோளில் இறங்கியது.

"அண்ணி, இருக்கீங்களா?"

பதில் வரவில்லை. பேச மனம் இல்லாமல் இருக்கிறாளோ என்று முதலில் நினைத்தாள். மறுபடி கேட்டாள். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

பார்வதத்தை அன்று பொழுது சாய்வதற்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். கோமளாவை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. மகன் ஹேமநாதன் புனேயிலிருந்து வந்து சேரவும் வழியில்லை. விமான நிலையத்தில் கூட்டம் தள்ளுமுள்ளாக இருந்தது. பாகமதி ஆற்றங்கரையில் வரிசையாக எரிந்துகொண்டிருந்த சிதைகளுக்கு நடுவே சண்முகசுந்தரமே கொள்ளி வைத்தார்.

மருத்துவமனை வாசலில், கூரைக்குக் கீழே இருக்க யாருக்கும் துணிவில்லாததால், நோயாளிகளைத் திறந்த வெளியில் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணன் அங்கே வந்து பார்வதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சாம்பல்.

"டாக்டர் சொன்னாரு. விழுந்த வேகத்துலயே போயிருப்பாங்களாம். வலி தெரிஞ்சிருக்காதாம்." அவர் தங்கையின் முகத்தையே பார்த்தார். "அப்படித்தானே பார்வதம்? நான் அவ்வளவு நேரம் கூப்பிட்டேன். பதிலே இல்ல."

அவர் கண்ணில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணா" என்றாள் பார்வதம்.

ஊர் திரும்பிய பிறகு கால் கூடிவிட்டது. லேசாக இழுத்து நடந்தாள், அவ்வளவுதான். மற்றவை கூடவில்லை. சரக்கு ரயில் போனால் எழுந்து தெருவுக்கு வந்துவிடுவாள். குளிக்கும்போது கதவைத் தாழ் போட முடியவில்லை. மாங்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடிக்குப் போகச் சொன்னபோது வாசலிலேயே நின்றுவிட்டு, மொய் எழுதக் கவரை ரேவதியிடம் கொடுத்தனுப்பினாள். இவையெல்லாம் நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அண்ணி மூச்சு விட்டுக்கொண்டே பேசாமல் கிடந்தது சரியாகிவிடுமா என்று அவரிடம் கேட்க முடியாது. ரேவதியிடமும் சொல்லவில்லை. அண்ணன் வாரம் ஒருமுறை வருவார், பேருக்கு ஒரு வாய் சாப்பிடுவார், போவார். "அவ நல்ல மாதிரி போயிட்டா, அதுதான் எனக்கு ஆறுதல்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் பார்வதம் தட்டைப் பார்த்துக்கொண்டு பரிமாறுவாள்.

இரண்டு வருஷம் போல அப்படியே ஓடியது.

ஒருநாள் மதியம் அவர் வந்தார். வழக்கமாக வருகிற கிழமை இல்லை. ரேவதி வேலைக்குப் போயிருந்தாள். பார்வதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சண்முகசுந்தரம் நாற்காலியில் உட்காராமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஆவடி மார்க்கெட்ல முனியனைப் பார்த்தேன்" என்றார்.

"எந்த முனியன்?"

"நம்ம கூட வந்தானே, சமையல்காரன். இப்ப மார்க்கெட் பக்கத்துல டிபன் கடை போட்டிருக்கான். கையைப் பிடிச்சுகிட்டு அழறான். என்ன சொன்னான் தெரியுமா?"

பார்வதத்தின் கை கீரையில் நின்றது.

"'அம்மாவைக் காப்பாத்த முடியலையே நைனா. நான் ஓட்டையில காதை வச்சுக் கேட்டேன், ரெண்டு பேரும் உள்ள பேசிகினு இருந்தாங்க. ஒருத்தரு சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. அதுக்குள்ளாற திரும்பவும் ஆடிச்சு, எல்லாரும் ஓடிட்டோம்'ங்கறான். எனக்குத் தெரியும்னு நினைச்சுகிட்டுச் சொல்றான் அவன்."

"அந்தச் சத்தத்துல அவருக்கு என்ன கேட்டிருக்கும்" என்றாள் பார்வதம்.

"ரெண்டு குரல் கேட்டுதாம்."

"என் குரலாத்தான் இருக்கும் அண்ணா. நான் ஏதாவது உளறிகிட்டுக் கிடந்திருப்பேன்."

"பார்வதம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "என்னைப் பாரு. அவ உயிரோட இருந்தாளா?"

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, குடங்களோடு பெண்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பார்வதம் கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"இருந்தாங்க."

"நான் கூப்பிட்டப்போ?"

"அப்பவும் இருந்தாங்க."

"கேட்டுதா அவளுக்கு?"

"கேட்டுது."

அவர் தலையை ஆட்டினார். இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

"குரல் வரலையா அவளுக்கு?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவரே அந்த வழியைத் திறந்து வைத்திருந்தார். பார்வதம் வாயைத் திறந்தாள். இத்தனை நாள் எத்தனையோ பேரிடம் தங்குதடையில்லாமல் வந்த பொய் அன்று வரவில்லை.

"வந்துது அண்ணா. அண்ணி என்கிட்ட நிறையப் பேசினாங்க. உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். போளூர், மாங்காய், பால்வாடி, புடவைத் தலைப்பைப் பிடித்துத் தூங்கிய பிள்ளை. பால் பொங்கும்போதும் ஓடியது. மூக்குக் கண்ணாடி என்று சொன்னதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அதுவும் வந்துவிட்டது. சொல்லும்போது அவள் அழவில்லை. அவரும் அழவில்லை.

சண்முகசுந்தரம் ஒரு கீரைக் காம்பை எடுத்துக் கையில் உருட்டினார்.

"ஆவடியில ஒரு காது டாக்டர்கிட்ட அவளைக் கூட்டிட்டுப் போனேன். யாத்திரைக்கு முந்தின வருஷம். உனக்குத் தெரியாது."

"எதுக்கு?"

"ஹால்லேருந்து கூப்பிடுவேன், வரமாட்டா. மறுபடி கூப்பிடுவேன், மறுபடி கூப்பிடுவேன், அப்புறமா எதுவுமே நடக்காத மாதிரி வந்து நிப்பா. காது மந்தமாயிடுச்சுன்னு நினைச்சேன். டாக்டர் காதுல மிஷின் மாட்டி டெஸ்ட் பண்ணாரு. ரெண்டு காதும் நல்லா இருக்குது, இந்த வயசுக்கு இவ்வளவு நல்லா இருக்கறதே அபூர்வம்னாரு." அவர் தரையைப் பார்த்தார். "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வர்ற வழியில அவளுக்கு இளநீர் வாங்கிக் குடுத்தேன்."

அதன் பிறகு அவர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகும்படி பார்வதம் சொன்னாள். இல்லை என்று கையைக் காட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ரேவதி போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவார். "மாமாவுக்கு உங்க மேல ஏதாவது வருத்தமா அம்மா?" என்று அவள் கேட்டாள். "தெரியலடி" என்றாள் பார்வதம். சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அண்ணியை இரண்டாம் முறை பறிகொடுத்தவராக அண்ணன் தெருவில் இறங்கிப் போனதும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவளே கிளம்பிச் சேக்காட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. சண்முகசுந்தரம் சமையலறையில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மேடையெல்லாம் புளித்தண்ணீர் சிந்திக் கிடந்தது. பார்வதம் வாங்கிச் செய்யப் போனாள்.

"விடு. எனக்கு வரும்" என்றார்.

அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு எங்கே, பெருங்காயம் எங்கே என்று அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"போளூர் போய்ட்டு வந்தேன்" என்றார், அவள் பக்கம் திரும்பாமல்.

"அண்ணியோட அக்காவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சாப்பாடு போட்டாங்க. 'கோமளா இந்த வீட்டுக்கு வந்தா வாய் ஓயாது, தூங்க விடமாட்டா, பேசிகிட்டே கிடப்பா'ன்னாங்க." ரசம் நுரைத்து வந்தது. அவர் அடுப்பை அணைத்தார். "எந்தக் கோமளாவைச் சொல்றாங்கன்னே எனக்கு விளங்கல. சரிசரின்னு கேட்டுகிட்டு வந்துட்டேன்."

சாப்பிட உட்கார்ந்தார்கள். ரசத்தில் உப்பு அதிகம். இருவரும் அதைச் சொல்லவில்லை.

"அடுத்த மாசம் ஹேமநாதன் வர்றான்" என்றார் சண்முகசுந்தரம். "உன்கிட்ட அம்மாவைப் பத்திக் கேப்பான். எப்பவும் கேக்கறவன்தானே."

"என்ன சொல்லட்டும்?"

"முன்னாடி எல்லாருக்கும் என்ன சொன்னியோ அதையே சொல்லு."

"அவனுக்கும் தெரிய வேண்டாமா அண்ணா? பெத்த அம்மா."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரிஞ்சா என்கூடப் பேச மாட்டான்" என்றார். "அவன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். அந்த ஒரு குரல்தான் இந்த வீட்டுல கேக்குது."

பார்வதம் சரி என்று தலையசைத்தாள். தட்டுகளைக் கழுவ அவள் எழுந்தபோது அவரும் எழுந்து தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

ஷேர் ஆட்டோவில் திருமுல்லைவாயில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது ரேவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா எப்படி இருக்காரு?"

"தானே சமைக்கிறாரு. இளைச்சுட்டாரு."

"கோபம் எல்லாம் போச்சா? என்ன பேசினீங்க?"

"ஹேமநாதன் வர்றானாம்" என்றாள் பார்வதம். கால் கழுவக் குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்தாமல் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.